ஹோல்கரின் அசிஸ்ரன்ட்களும் என்னுடைய அசிஸ்ரன்டும்

1

போன செவ்வாய்க்கிழமை எனக்கு நீதிமன்றத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பயப்படவேண்டாம், நான் ஒருவருக்கும் ஒன்றும் செய்யவில்லை. ஜேர்மனியில் ஏழுபேர் கூடி ஒரு சங்கம் தொடங்கினால் அது நீதிமன்றப் பதிவேட்டில் ஏறவேண்டும். அதன் தலைவர் மாறினால் அதுவும் ஏறவேண்டும். வுப்பர்டாலில் நாங்கள் சனிக்கிழமைகளில் நடத்துகிற தமிழ்ப் பள்ளிக்கூடமும் அப்படிப் பதிந்த சங்கம்தான். பதினேழு வருடங்கள் அதன் தலைவியாகவும் பொறுப்பாசிரியையாகவும் இருந்த என்னைப்பற்றி அந்தக் கடிதத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது: கெலோஷ்ற்.

கொம்பியூட்டரில் ஒரு கடிதத்தை அழித்தாலும் இங்கே அந்தச் சொல்தான். தீயணைப்புக்காரர் நெருப்பை அணைத்தாலும் அந்தச் சொல்தான்.

"என்னவாம்?" என்று கேட்டார் என் கணவர்.

"என்னை அணைச்சுப்போட்டினமாம்."

"முப்பது வருசமா என்னாலை ஏலாத அலுவல். ஒரு முத்திரையோடை முடிச்சிட்டாங்கள்" என்றார் அவர்.

ஊரில் இருக்கிற நீங்கள் இதைத் துக்கச் செய்தியாக எடுக்கவேண்டாம். என்னை ஒருவரும் கலைக்கவில்லை. நானாகத்தான் விலகினேன். அதற்குக் காரணம் முட்டைபோல இருக்கிற ஒரு பந்தும், வீடுகளுக்கு ஹைற்சுங் பூட்டித் திரிகிற ஒரு ஜேர்மன்காரரும். ஹைற்சுங் என்றால் குளிருக்கு வீட்டைச் சூடாக்குகிற குழாயும் இரும்புப் பலகையும். அது நின்றுபோனால் தெரியும் இந்த நாட்டின் உண்மையான முகம்.

2

மூன்று வருடத்துக்கு முந்திய கதை. என் மகள் மயூரி அப்போது இங்குள்ள பல்கலைக்கழகத்தில், பிள்ளைகளின் வாயில் அது யூனி, கட்டடப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலை பாணுக்கு பட்டர் பூசியபடி சொன்னாள்:

"அம்மா, யூனியிலை என்னை அசிஸ்ரன்டா எடுத்திட்டினம்."

சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

இந்த நாட்டில் யூனியில் அசிஸ்ரன்ட் என்றால் பேராசிரியருக்குக் கீழே இருந்து கலாநிதிப் பட்டத்துக்கு ஆயத்தப்படுத்துகிறவர் என்றுதான் எனக்குத் தெரியும். அன்று பின்னேரத்துக்குள் தமிழ்க் கடையில் சொன்னேன். வெள்ளிக்கிழமை கோயிலில் சொன்னேன். கனடாவில் இருக்கிற என் தங்கச்சி வட்ஸப்பில் ஒரு பெரிய பூக்கொத்து அனுப்பினாள்.

இரண்டு கிழமை கழித்து உடுப்புத் தோய்க்கப் போட்டேன். மயூரியின் களிசான் முழங்கால்வரை சேறு. பொக்கற்றுக்குள் கையை விட்டால் ஒரு விசில்.

"பேராசிரியருக்கு ஏன் பிள்ளை விசில்?"

"எந்தப் பேராசிரியர்? நான் அசிஸ்ரன்ட் கோச் அம்மா. யூனி அணிக்கு. அமெரிக்கன் ஃபுட்போல்."

முதலில் அவள் அந்த ஆட்டங்களை வீடியோ எடுத்துக்கொடுக்கத்தான் போயிருக்கிறாள். எடுத்ததைப் பார்த்து, எதிரணி அடுத்து என்ன செய்யும் என்று இவள் சொல்லச் சொல்ல, அது சரியாக இருந்திருக்கிறது. தலைமைப் பயிற்சியாளர் கூப்பிட்டுக் கையில் விசிலைக் கொடுத்துவிட்டார்.

என் கணவர் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு உதைபந்தாட்டம் விளையாடியவர். மகள் காட்டிய வீடியோவைக் கால்மணித்தியாலம் பொறுமையாகப் பார்த்தார். "ஒருத்தனும் காலாலை அடிக்கேல்லை. பிறகேன் இதுக்கு ஃபுட்போல் எண்டு பேர்?" என்று கேட்டார். இன்றுவரை அந்தக் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கடையிலும் கோயிலிலும் நான் ஒருவாறு திருத்திச் சொன்னேன். தங்கச்சிக்கு இன்னும் சொல்லவில்லை. இதை வாசித்துத்தான் அறியப்போகிறாள்.

3

அந்த மைதானம் ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது. வுப்பர்டாலில் எல்லாமே மேடு, எல்லா நாளும் மழை. ஒருநாள் குடையும் ஒரு பெட்டி மரக்கறி ரோல்ஸுமாக ஏறிப் போனேன். பிள்ளை யாரோடு சேருகிறாள் என்று பார்க்கவேண்டாமா?

தலைமைப் பயிற்சியாளரின் பெயர் ஹோல்கர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பகலில் ஹைற்சுங் வேலை, பின்னேரம் மைதானம். அவருக்குக் கீழே ஐந்து உதவியாளர்கள். ஆனால் அன்று முழுப் பயிற்சியையும் நடத்தியது மயூரி. அவர் ஓரமாக நின்று போத்தலில் கொண்டுவந்த கோப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் எல்லாம் குழம்பியது. இரண்டு கூட்டத்தை ஒரே மூலைக்கு ஒரே நேரத்தில் வரும்படி மயூரி திட்டம் போட்டிருந்தாள். தோளில் பெட்டிபோலக் கவசம் கட்டிய நாற்பது பெடியள் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டு மழையில் நின்றார்கள். மயூரி கையிலிருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தாள் நனைந்து கிழிந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. ஹோல்கர் ஜேர்மனில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"நீங்கள் ஒண்டும் சொல்லமாட்டீங்களோ?" என்றேன்.

"மாட்டன்."

"பிள்ளை முழிக்குதெல்லோ!"

"ஓம், நல்லா முழிக்கிறா." ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார். "இப்ப நான் போய்ச் சரிப்படுத்தினால் இண்டைக்குப் பயிற்சி வடிவா நடக்கும். அடுத்த வருசமும் நான்தான் போய்ச் சரிப்படுத்தவேணும்."

பத்து நிமிடம் கழித்து மயூரி தாளைக் கசக்கிப் பொக்கற்றுக்குள் வைத்தாள். விசிலை ஊதினாள். ஒரு கூட்டத்தை மைதானத்தின் மற்றப் பக்கத்துக்கு ஓடவிட்டாள். ஹோல்கர் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. என்னிடம் கேட்டார்:

"நீங்கள் ஒரு பள்ளிக்கூடம் நடத்துறதாம். உங்களுக்குப் பிறகு ஆர்?"

"துளசி எண்டு ஒரு பிள்ளை இருக்கிறா. என்னட்டைப் படிச்சவ. எட்டு வருசமா உதவி ஆசிரியை."

"என்ன செய்யிறவ?"

நான் யோசித்தேன். "ஆர் வந்தது, வரேல்லை எண்டு டாப்பு அடையாளம் போடுவா. போட்டோக்கொப்பி எடுப்பா."

அவர் சிரித்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு இன்னொரு ரோல்ஸ் எடுத்தார்.

4

யாழ்ப்பாணத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து அணிக்கு நான் உப தலைவி. பெரிய பதவி என்று நினைக்கவேண்டாம். இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டிக் கொடுப்பதுதான் வேலை. யார் எங்கே நிற்பது, யாரை மாற்றுவது எல்லாம் எங்கள் மிஸ்ஸின் விரல் நுனியில் இருந்தது. அவர் விரலை நீட்டுவார், நாங்கள் ஓடுவோம். சண்டை தொடங்கிய காலத்தில் ஒருநாள் மிஸ் குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டார். அடுத்த நாள் பின்னேரம் நாங்கள் ஏழுபேரும் பந்தோடு மைதானத்தில் நின்றோம். நல்லாக விளையாடக்கூடிய ஏழுபேர்தான். ஆனால் எங்கே நிற்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அரைமணித்தியாலம் கதைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம்.

இதிலிருந்து நான் ஏதாவது படித்திருக்கவேண்டும். படிக்கவில்லை. ஜேர்மனிக்கு வந்து, பள்ளிக்கூடம் தொடங்கி, நானும் விரலை நீட்டத் தொடங்கினேன்.

ஹோல்கரின் வேலைமுறையை மயூரி சாப்பாட்டு நேரத்தில் சொல்லுவாள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் உதவியாளர்கள் எல்லாரும் கதைத்து முடிந்தபிறகுதான் அவர் வாய் திறப்பாராம். தாக்குதலைப் பழக்குகிறவரை அரைப் பருவம் முடிந்ததும் தடுக்கிற பக்கத்துக்கு மாற்றிவிடுவாராம். எதிர்ப்பக்கத்துக்கு எங்கே நோகும் என்று தெரியவேண்டுமாம். எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பாராம். பதில் இல்லாவிட்டால் அந்தத் திட்டம் குப்பைக்குள். மைதானத்துக்கு வெளியே உள்ளதும் உண்டு. பஸ் பிடிப்பது, நகரசபைக்கு மைதானத்துக்கான விண்ணப்பம் எழுதுவது, மகனை ஏன் விளையாட விடவில்லை என்று கேட்கிற தாய்க்குப் பதில் சொல்லுவது எல்லாவற்றையும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு உதவியாளர் செய்யவேண்டும்.

"அப்ப அந்த மனிசன் என்னதான் செய்யிறார்?" என்றேன்.

"எங்களைச் செய்ய விடுறார் அம்மா. அதுதான் கஷ்டமான வேலையாம்."

5

இரண்டாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு நானும் கணவரும் போனோம். இந்த ஆட்டத்தில் நிமிடத்துக்கு ஒருதரம் எல்லாரும் நின்றுவிடுவார்கள். அடுத்தது என்ன என்று ஒருவர் உடனே முடிவு சொல்லவேண்டும். சொல்லுகிறவரின் காதில் ஹெட்போன் இருக்கும். அன்று இடைவேளைக்குப் பிறகு ஹோல்கர் தன்னுடைய ஹெட்போனைக் கழற்றி மயூரியின் தலையில் மாட்டினார்.

கடைசி நிமிடம். மூன்று புள்ளி பின்னுக்கு. பந்தைக் காலால் அடித்துச் சமநிலை எடுக்கலாம், அல்லது ஓடிப்பார்த்து வெல்லலாம். மயூரி ஓடச் சொன்னாள். கோட்டுக்கு ஒரு முழம் இருக்கையில் பெடியனைப் பிடித்து விழுத்திவிட்டார்கள். தோல்வி.

"காலாலை அடிக்க ஒரேயொரு சந்தர்ப்பம் வந்தது, அதையும் விட்டிட்டாள்" என்றார் என் கணவர்.

ஒரு விளையாட்டுக்காரனின் தகப்பன் கம்பிக்கு அப்பால் நின்று கத்தினார். அந்தப் பெட்டைக்கு என்ன தெரியும் என்பதுதான் அதன் சாரம். ஹோல்கர் நேரே அவரிடம் போனார்.

"ஹெட்போனை ஆரிட்டைக் குடுக்கிறது எண்டது என்ரை முடிவு. கதைக்கிறதெண்டால் என்னோடை கதையுங்கோ" என்றார். அணியிடமும் அதையே சொன்னார். மயூரியை ஆறுதல்படுத்தவும் இல்லை, ஏசவும் இல்லை.

திரும்பி வரும்போது, ஆற்றுக்கு மேலே போகிற தொங்கு ரயிலில், மயூரி சன்னலைப் பார்த்தபடி அழுதாள்.

"அம்மா, நான் இனிப் போகமாட்டன்."

போனாள். திங்கட்கிழமை மற்ற நாலு உதவியாளருக்கும் முன்னால் நின்று, ஏன் அப்படி முடிவெடுத்தாள் என்று சொல்லவேண்டியிருந்தது. சரியா பிழையா என்று ஹோல்கர் சொல்லவேயில்லை. அடுத்த ஞாயிறு திரும்பவும் ஹெட்போனை அவளிடம் கொடுத்தார். அன்று வென்றார்கள். வீட்டுக்கு வந்து மூன்று கோப்பை சோறு சாப்பிட்டாள்.

6

எனக்கும் ரோசம் வந்தது. ஒரு ஹைற்சுங் பூட்டுகிறவரால் ஏலுமென்றால் என்னால் ஏலாதா? அந்த வருட ஆண்டுவிழாவைத் துளசியிடம் கொடுத்தேன்.

"முழுக்கவோ ரீச்சர்?" என்று கேட்டாள்.

"முழுக்க."

துளசி ஒன்பது வருடம் போட்டோக்கொப்பி மெசினுக்குப் பக்கத்தில் நின்று நிறைய யோசித்திருக்கிறாள். சிறப்பு விருந்தினர் உரைகள் மூன்றையும் வெட்டினாள். பிள்ளைகளையே நாடகம் எழுதவிட்டாள். பாதித் தமிழ், பாதி ஜேர்மன், சனம் வயிறு நோகச் சிரித்தது. ஆனால் பரிசளிப்பைக் கடைசியில் வைத்திருந்தாள். வியாழக்கிழமை நிகழ்ச்சிநிரலைக் காட்டியபோதே எனக்குத் தெரியும், ஆறு மணிக்கு மண்டபம் பூட்டுவார்கள், நேரம் காணாது என்று. நான் சொல்லவில்லை. ஹோல்கர் மாதிரி கோப்பி குடித்தேன்.

ஆறு மணிக்கு மண்டபக் காவலாளி வந்து கதிரைகளை அடுக்கத் தொடங்கினார். முப்பது பிள்ளைகள் பதக்கம் இல்லாமல் நின்றார்கள். ஒரு சின்னவன் அழுதான். அவனுடைய தகப்பன் என்னிடம் வந்தார்.

"என்ன ரீச்சர் இது? இவ்வளவு வருசத்திலை இப்பிடி நடந்ததே இல்லை."

என் வாய் எனக்கு முன்னால் ஓடியது. "நான் இல்லை அண்ணை. இந்த முறை எல்லாம் துளசிதான்."

பின்னால் ஒரு சத்தம். பதக்கப் பெட்டியோடு துளசி நின்றிருந்தாள். பெட்டியை மேசையில் வைத்துவிட்டு ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த சனி வரவில்லை. அதற்கடுத்த சனியும் வரவில்லை. நான் தனியாக டாப்பு அடையாளம் போட்டேன். போட்டோக்கொப்பி மெசினில் தாள் இறுகினால் எந்தக் கதவைத் திறப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"அம்மா, நீங்கள் கோச்சிட்டைச் சுகமான பாதியை மட்டும் எடுத்திருக்கிறீங்கள்" என்றாள் மயூரி. "பேசாமல் நிக்கிறதை எடுத்தீங்கள். முன்னாலை போய் நிக்கிறதை விட்டிட்டீங்கள்."

பெற்ற பிள்ளை சொன்னால் வேறு மாதிரித்தான் குத்துகிறது.

7

துளசி ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். நான் போனபோது வரிசையில் ஐந்துபேர். என் முறை வந்தது. வெள்ளைக் கோட்டோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லுங்கோ, என்ன வேணும்?"

"இருமல்" என்றேன்.

"வறட்டு இருமலோ, சளி இருமலோ?"

"இருமல் இல்லை துளசி."

"பின்னாலை ஆக்கள் நிக்கினம் ரீச்சர்."

வெளியே போட்டிருந்த வாங்கில் இருந்தேன். முக்கால் மணித்தியாலம். அவளுக்கு இடைவேளை வந்தபோது வந்து பக்கத்தில் இருந்தாள்.

"ஒன்பது வருசம் கொப்பி எடுத்தன் ரீச்சர். ஒருநாள் தந்தீங்கள். முதல் பிழையோடை என்னைப் பிடிச்சுக் குடுத்திட்டீங்கள்."

"ஓம்."

"நேரம் காணாது எண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?"

பொய் சொல்ல நினைத்தேன். "வியாழக்கிழமையே தெரியும்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுதப்போவதில்லை.

"பிறகேன் சொல்லேல்லை?"

"உனக்குப் பழக்கிறன் எண்டு நினைச்சன். உண்மையைச் சொன்னால், நானில்லாட்டி சரிவராது எண்டு எல்லாரும் பாக்கட்டும் எண்டும் கொஞ்சம் நினைச்சிருப்பன்."

துளசி சிரித்தாளா, அழுதாளா தெரியாது. மூக்கை உறிஞ்சினாள். "சனிக்கிழமை வாறன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்தச் சனி பெற்றோர் எல்லாரையும் கூப்பிட்டேன். எழுந்து நின்று, நிகழ்ச்சிநிரலை நான் முன்கூட்டியே பார்த்தேன், பிழையென்று தெரிந்தும் விட்டேன், பொறுப்பு என்னுடையது என்று சொன்னேன். அதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கு முன் மூன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. பிறகு துளசி முப்பது பிள்ளைகளுக்கும் பதக்கம் போட்டாள். அடுத்த வருடப் பொதுக்கூட்டத்தில் தலைவர் பதவிக்கு அவளுடைய பெயரை நான்தான் சொன்னேன்.

பிறகு வந்தது கடதாசி வேலை. தலைவர் மாறினால் நோட்டாரிடம் போய்க் கையெழுத்தை உறுதிப்படுத்தவேண்டும். துளசியின் பாஸ்போர்ட்டில் அவளுடைய பெயருக்குப் பின்னால் தகப்பனின் பெயர். எங்கள் கூட்டறிக்கையில் புருஷனின் பெயர். இரண்டும் ஒரே ஆள்தானா என்று நோட்டார் கேட்டார். நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். சத்தியம் வேண்டாம், திருத்திய அறிக்கை வேண்டும் என்றார். அடுத்த ரேர்மின், அதாவது அவரைச் சந்திக்கத் தருகிற நாள், திரும்பவும் ஒரு மாதத்துக்குப் பிறகு.

8

போன கோடையில் மயூரிக்கு பான் நகரத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஒரு மாணவர் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் வேண்டுமாம். அவளைப்பற்றிச் சொன்னது யார் என்று பார்த்தால், ஹோல்கர். அந்த நேரம் பார்த்து எங்கள் ஹைற்சுங்கும் பழுது, குளிக்கச் சுடுதண்ணி இல்லை. திருத்த வந்த ஹோல்கரைக் குசினியில் வைத்துப் பிடித்தேன்.

"நல்லாப் பழக்கிப்போட்டு ஏன் அனுப்புறீங்கள்?"

"நான் இருக்குமட்டும் இஞ்சை அவ உதவியாளர்தான்."

"அனுப்புறதெண்டால் கெட்டிக்காரியைத்தானோ அனுப்பவேணும்?"

"கெட்டித்தனம் இல்லாத ஆளை அனுப்பினால் அடுத்தமுறை ஆர் என்ரை ரெலிபோனை எடுப்பினம்?" குழாயை முறுக்கிக்கொண்டே சொன்னார். இவளுக்கு முதல் நாலுபேரை அப்படி அனுப்பியிருக்கிறார். அதில் மூன்றுபேர் பிறகு அவருடைய அணியைத் தோற்கடித்திருக்கிறார்கள்.

"அது உங்களுக்குச் சந்தோசமோ?"

"இல்லை" என்றார். "சரியான எரிச்சல்."

மயூரி பானுக்குப் போனாள். வீட்டில் ஒரு அறை வெறுமையாகியது. ரெலிபோனில் கதைக்கும்போது அவளுடைய தமிழில் ஜேர்மன் கூடிக்கொண்டு வருகிறது. நான் திருத்துவதில்லை. திருத்தினால் ரெலிபோன் குறையும்.

இரண்டு கிழமைக்கு முன் பானில் அவளுடைய அணியும் ஹோல்கரின் அணியும் மோதின. எந்தப் பக்கம் கைதட்டுவது என்று தெரியாமல் நான் இரண்டு பக்கத்துக்கும் தட்டினேன். கணவர் ஒரு பக்கத்துக்கும் தட்டவில்லை, கொள்கை. மயூரி வென்றாள். ஹோல்கர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்து கைகொடுத்தார்.

"மூண்டாம் பகுதியிலை நீ எடுத்த முடிவு பிழை. ஏன் எண்டு திங்கட்கிழமை எனக்கு எழுதித் தா."

சொன்னபிறகுதான் தான் இனி அவளுடைய கோச் இல்லை என்பது அவருக்கு நினைவு வந்தது. காது சிவந்துவிட்டது.

"எழுதத் தேவையில்லை" என்றார்.

"எழுதுவன் கோச்" என்றாள் மயூரி.

அவர் திரும்பி நடந்தபோது மயூரி அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அணி பின்னால் கத்திக் கூத்தாடியது. அவள் திரும்பவில்லை.

9

பிறகு அந்தக் கடிதம் வந்தது, நான் அணைந்தேன். சனிக்கிழமை பழக்கத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். போனபிறகுதான் எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை என்பது விளங்கியது. நடைபாதையில் சுவரொட்டிகளை வாசித்துக்கொண்டு நின்றேன். துளசி ஓடிவந்தாள்.

"ரீச்சர், முதலாம் ஆண்டுக்கு ஆள் வரேல்லை. எடுக்கிறீங்களோ?"

"எடுக்கிறன். என்ன படிப்பிக்கவேணும் எண்டு சொல்லுங்கோ" என்றேன். எனக்கே தெரியாமல், பெரியவர்களுக்குச் சொல்லுகிற 'ங்கோ' வந்துவிட்டது. துளசி சிவந்துபோய், "நீங்களே யோசியுங்கோ ரீச்சர், முடிய வந்து எனக்குச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்கு ஓடினாள்.

பதினேழு வருடத்தில் எட்டாம் ஆண்டுக்குக் கீழே நான் படிப்பித்ததில்லை. உள்ளே ஒன்பது பிள்ளைகள். வெண்பலகையில் எழுதுகிற பேனை எங்கே என்று தெரியவில்லை. இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெட்டை, ஐந்து வயதிருக்கும், என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கள் புது ரீச்சரோ?"

"ஓம்."

"பயமா இருக்கோ?"

நான் கதவைப் பார்த்தேன். துளசி போய்விட்டாள்.

"கொஞ்சம்" என்றேன்.

அந்தச் சின்னவள் பக்கத்துக் கதிரையில் கிடந்த தன் ஜக்கெற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப என்னோடை இருங்கோ."

மிகவும் சின்னக் கதிரை. இருந்தேன்.